தறிக் குடும்பத்தின் உழைப்பும் பஞ்சாயத்தின் கடமையும்

திருத்தணி என்றதும் மலைமேல் கோயில் கொண்டுள்ள முருகப்பெருமானும், அவன் சந்நிதிக்கு ஏறிச் செல்லும் 365 படிகளுமே நம் நினைவுக்கு வருவது இயல்பு. அம்மலையைச் சார்ந்த வட்டாரத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ஆந்திர எல்லையை ஒட்டிய அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை முதலிய ஊர்கள் தலைமுறை தலைமுறையாக நெசவினால் வாழ்ந்து வருபவை. உழவனுக்கு ஏர் எப்படியோ, அப்படியே இவ்வூர்களில் பல குடும்பங்களுக்குத் தறி.

இவ்வட்டாரம் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. எல்லைகள் மாறின, ஆட்சி அலுவலகங்கள் மாறின, தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் தெருக்களில் தறியின் ஓசை மட்டும் ஓயவில்லை. ஆயினும் அந்த ஓசையே மாறியிருக்கிறது. கைத்தறி இருந்த வீடுகள் பலவற்றில் இன்று விசைத்தறி ஓடுகிறது.

தறியில் அமர்ந்திருப்பவரை நாம் எல்லோரும் காண்கிறோம். அவருக்குப் பின்னால் நின்று அத்தறியை ஓடச் செய்யும் கைகளை நாம் காண்பதில்லை. அக்கைகளின் உழைப்பை எண்ணிப் பார்ப்பதும், அதன் பொருட்டுக் கிராமப் பஞ்சாயத்து செய்யக்கூடியது யாது என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டு மயிரும் செடி நாரும்

வீட்டில் கிடைக்கும் இழையைக் கொண்டு வீட்டுக்கு வேண்டியதைச் செய்துகொள்ளுதல் நம் கிராம வாழ்வின் பழைய வழக்கம். இழை எது என்பது அந்தந்த நிலத்தைப் பொறுத்தது. நீலகிரியின் குளிரில் வளரும் நீலகிரிச் செம்மறியாடு மெல்லிய கம்பளி தருகிறது. கோயம்புத்தூர்ச் செம்மறியின் கம்பளி முரடானது. கருநாடகத்துச் சள்ளகெரே வட்டாரத்தில் தக்காணச் செம்மறியின் கம்பளியைக் கொண்டு குறும்பர் குடும்பங்கள் கருங்கம்பளி நெய்கின்றன. அங்கே ஆண்கள் ஆடு மேய்த்து மயிர் கத்தரிப்பர். பெண்கள் அதனைச் சிக்கெடுத்து நூற்பர். பின்னர் பாவுக்குப் புளியங்கொட்டைப் பசை ஏற்றித் தறியில் நெய்வர். விரிந்து கிடக்கும் ஒரு கம்பளியில் வீடு முழுவதன் உழைப்பும் அடங்கியுள்ளது.

நம் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களுக்கு உரிய செம்மறியோ ‘மெட்ராஸ் சிவப்பு’ என்னும் இனம். செந்நிறமுடைய இந்த ஆட்டின் மேனியில் இருப்பது குட்டை மயிரே, கம்பளி அன்று. இறைச்சிக்காகவும் எருவுக்காகவும் இதனை வளர்க்கிறோம். ஆதலின் அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் நெசவு என்றால் பருத்தி நெசவே.

பருத்தியைத் தவிர, உழவர் வீட்டுக்கு வேண்டிய நார் நம் வயலிலேயே இருக்கிறது. சணப்பை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் நிலத்துக்குத் தழைச்சத்து. சிறிது பகுதியை விட்டுவைத்து, முற்றிய தண்டுகளை அறுத்துக் கட்டுக் கட்டாக நீரில் ஊறப் போட்டால், சில நாட்களில் பட்டை இளகி நார் பிரியும். அலசி உலர்த்தித் திரித்தால் மாட்டுக்குத் தும்பு, மூக்கணாங்கயிறு, கட்டிலுக்குக் கயிறு ஆகியவை வீட்டிலேயே கிடைக்கும். புளிச்சைத் தண்டும், வேலியோரத்து ரயில் கற்றாழையும் இவ்வாறே நார் தரும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. நார் ஊறும் நீர் அழுகி நாற்றமெடுக்கும். அதில் மீன் மடியும். குடிநீர்க் குளத்திலோ, மீன் வளர்க்கும் ஏரியிலோ சணப்பை ஊறப் போடலாகாது. ஊருக்குப் புறத்தே தனிக் குட்டை ஒன்றை இதற்கென ஒதுக்குதல் பஞ்சாயத்துக்கு எளிய காரியம்.

கம்பளியாயினும் சணலாயினும் பருத்தியாயினும் ஒன்று பொது. இழையை ஆயத்தம் செய்வதற்கு ஆகும் உழைப்பு, நெய்வதற்கு ஆகும் உழைப்பைப் போலவே பெரிது. நூற்பாலைகள் தோன்றுமுன் ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல கைகள் ராட்டை சுற்ற வேண்டியிருந்தது. 1854இல் பம்பாயில் முதல் பருத்தி ஆலைக்கு வித்திட்ட பின்னர், நூற்கும் வேலை படிப்படியாக ஆலைக்குச் சென்றது. நூற்றபின் உள்ள வேலைகளோ கைத்தறி வீடுகளில் இன்றும் பெரும்பாலும் கைவேலையாகவே நிற்கின்றன.

தறி ஏறுமுன் நடப்பவை

கைத்தறிக்கு நூல் சிட்டா வடிவில் வருகிறது. ஆலைகள் தாம் உள்நாட்டுச் சந்தைக்கு அனுப்பும் நூலில் ஒரு பகுதியைச் சிட்டாவாகவே கட்டித் தரவேண்டும் என்பது மைய அரசின் விதி. அப்பங்கு 40 விழுக்காடாக இருந்து 2019இல் 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சிட்டா நூலை அப்படியே தறியில் ஏற்ற இயலாது. அதன் பயணம் பின்வருமாறு.

சாயம் ஏற்றி உலர்த்திய சிட்டாவை முதலில் கண்டுகளில் சுற்ற வேண்டும். கண்டுகளிலிருந்து நூலைப் பிரித்து, சேலையின் நீளவாட்டத்துக்கு வேண்டிய இழைகளை ஒழுங்காக அடுக்குதல் பாவு ஓடுதல் எனப்படும். அடுத்து, அப்பாவைத் தெருவில் நீள விரித்துக் கட்டிக் கஞ்சி ஏற்றுவர். வெயில் ஏறுமுன் அதிகாலையில் இவ்வேலை நடைபெறும். கஞ்சி காயுமுன் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி ஆற்றிவிட வேண்டும். இதற்கு ஒருவர் இருவர் போதாது. அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து கை கொடுப்பர்.

பின்னர், தறியில் முடியும் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் ஓர் இழையைச் சேர்த்து விரலால் முறுக்க வேண்டும். இதுவே பிணைத்தல். இவ்வளவும் பாவுக்கு. குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு வேறு வேலை உண்டு. அந்நூலை ராட்டையில் இட்டுத் தார்க்குச்சிகளில் சுற்ற வேண்டும். தார் தீர்ந்தால் தறி நிற்கும்.

ஒரு சேலைக்குள் எத்தனை நூல்?

இவ்வேலையின் அளவை உணர ஒரு கணக்கு இடுவோம். சேலை ஐந்தரை மீட்டர் நீளம், 47 அங்குல அகலம் என்று கொள்வோம். அங்குலத்துக்கு 60 பாவு இழை, 56 ஊடை இழை என்று வைத்துக்கொள்வோம்.

அகலம் 47 அங்குலத்துக்கு 60 வீதம் பாவு இழைகள் 2,820. பிணைப்பவர் விரல் முறுக்கவேண்டியது இத்தனை முறை. கழிவும் சேர்த்து ஒவ்வோர் இழையும் ஆறு மீட்டர் என்றால் பாவு நூல் மட்டும் ஏறத்தாழ 17 கிலோமீட்டர்.

ஐந்தரை மீட்டர் என்பது 216 அங்குலத்துக்குச் சற்று மேல். அதனை 56ஆல் பெருக்கினால் ஊடை இழைகள் சுமார் 12,100. அதாவது ஒரு சேலை முடிவதற்குள் நாடா பன்னிரண்டாயிரம் முறைக்கு மேல் இப்புறமும் அப்புறமும் ஓடுகிறது. நெய்பவரின் கால் அத்தனை முறை மிதிக்கிறது. கை அத்தனை முறை இழுக்கிறது. ஊடை நூலின் நீளம் 14 கிலோமீட்டருக்கு மேல்.

இரண்டும் சேர்ந்து 31 கிலோமீட்டர். நாற்பதாம் நம்பர் நூலில் இது ஏறக்குறைய ஒரு பவுண்டு எடை. கையில் எடுத்தால் அரைக் கிலோவுக்கும் குறைவாகவே இருக்கும் அச்சேலையில், 14 கிலோமீட்டர் நூலை ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தாராகச் சுற்றியிருக்கிறார். அவர் பெரும்பாலும் அவ்வீட்டின் தாய், பாட்டி அல்லது மருமகள். அவர் பெயர் கூலிச் சீட்டில் இல்லை.

கணக்கில் வராத கைகள்

தறிக் குடும்பம் ஒன்றின் ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் எழும் தாய் வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, உலை ஏற்றுகிறாள். அடுப்பு எரியும்போதே முதல் தார்கள் சுற்றியாகின்றன. ஏனெனில் கணவர் தறியில் இறங்கும்போது அவை ஆயத்தமாக இருத்தல் வேண்டும். பிள்ளைகள் பள்ளி சென்றபின் மீண்டும் ராட்டை. கண் மங்கிய பாட்டியும் சிக்கு நூல் பிரிக்கிறாள். மாலையில் தறி ஓய்ந்தபின் அடுத்த நாளைக்கான தார். ‘என்ன வேலை செய்கிறாய் அம்மா?’ என்று கேட்டால் ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்’ என்பதே அத்தாயின் விடையாக இருக்கும்.

இவ்விடையினால் விளையும் தீங்கு சிறிதன்று. கூலி நிர்ணயம் செய்யும்போது, தறியில் ஆகும் நேரமே பெரிதும் பேசப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு சேலைக்குக் கூலி 600 ரூபாய் என்றும், நெய்ய 16 மணி நேரம் ஆகிறது என்றும் கொள்வோம். மணிக்கு 37 ரூபாய் 50 காசு என்று தோன்றும். தார் சுற்ற ஆறு மணியும், அச்சேலையின் பங்குக்குப் பாவு ஆயத்தத்துக்கு நான்கு மணியும் கூட்டினால் மொத்தம் 26 மணி. அப்போது மணிக்கு 23 ரூபாயே கிடைக்கிறது. இவ்வெண்கள் விளக்கத்துக்காக நாம் இட்டவை. ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்த எண்களை இட்டுப் பார்த்தல் வேண்டும். எண்கள் மாறலாம், கணக்கின் போக்கு மாறாது.

வீட்டுக் கைகளின் உழைப்பைச் சேர்க்காத கணக்கில் தறி இலாபமுடையதாகத் தோன்றுகிறது. அக்கைகள் ஓய்ந்துபோகும் நாளில், தார் சுற்ற வெளியாளுக்குக் கூலி கொடுக்க வேண்டிவரும்போதுதான் உண்மை தெரிகிறது. நல்ல கைத்தறி வீடுகள் தறியைக் கழற்றி வைப்பதற்கு ஆலைப் போட்டி ஒரு காரணம். இந்த மறைந்த கணக்கும் ஒரு காரணம் என்பதை நாம் உணரவேண்டும். விசைத்தறி வீடுகளும் இதற்கு விலக்கல்ல. அங்கும் நூல் மாற்றுதல், அறுந்த இழை முடிதல், துணி மடித்தல் ஆகியவற்றை வீட்டாரே செய்கின்றனர்; அத்துடன் இரைச்சலையும் பஞ்சுத் தூசியையும் நாள் முழுதும் தாங்குகின்றனர்.

நாட்டின் கணக்கோ இக்கைகளை ஏற்கத் தொடங்கிவிட்டது. 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி கைத்தறித் தொழிலாளர் 35.22 லட்சம் பேர். இவர்களுள் நெசவாளர் 26.73 லட்சம், தார் சுற்றுதல், பாவு ஓடுதல், சாயமேற்றுதல் போன்ற துணை வேலை செய்வோர் 8.48 லட்சம். மொத்தத் தொழிலாளருள் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். துணை வேலை செய்வோரும் தொழிலாளரே என்று இக்கணக்கெடுப்பு ஒப்புக்கொண்டது. நாட்டின் ஏட்டில் பதிவான உண்மை, நம் ஊர் ஏட்டிலும் வீட்டு ஏட்டிலும் பதிவாக வேண்டாமா?

குடும்பம் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒரு வாரக் கணக்கேடு. பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். நாள், யார், என்ன வேலை, எத்தனை மணி என நான்கு பத்தி இட்டு ஏழு நாட்கள் எழுதுக. நெய்த நேரம், தார் சுற்றிய நேரம், பாவு வேலை, நூல் வாங்கத் துணி கொடுக்க நடந்த நேரம் யாவும் அதில் வரவேண்டும். ஏழாம் நாள் கூட்டிப் பார்த்தால் வீட்டாருக்கே வியப்பாக இருக்கும்.

இரண்டாவதாக, துணை வேலை செய்யும் பெண்கள் தம் பெயரிலேயே தொழிலாளர் அடையாள அட்டை பெற முயலவேண்டும். நெய்யத் தெரிந்த பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தில் தம் பெயரில் உறுப்பினராகச் சேருதல் நன்று. கணவர் நோயுற்றாலும் குடும்பத்தின் தொழில் உரிமை அறுந்து போகாது.

மூன்றாவதாக, பிள்ளைகள். தொழில் கற்பது நல்லது. ஆயின் பள்ளி நேரத்தில் ராட்டையின் முன் பிள்ளை அமர்தல் கூடாது. குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவுவதாயின் பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறை நாட்களிலும்தான், அதுவும் ஆபத்தில்லாத வேலையில்தான் உதவலாம் என்பது 2016இல் திருத்தப்பட்ட சட்டத்தின் ஏற்பாடு.

நான்காவதாக, உடல்நலம். ராட்டைக்குமுன் நாள்தோறும் தரையில் மடங்கி அமர்வதால் முதுகும் முழங்காலும் நோகும். சாணகலப் பலகையும், ராட்டையைச் சற்று உயர்த்தும் மேடையும் சிறு செலவில் பெருந் துன்பத்தைக் குறைக்கும். தார் சுற்றும் இடத்துக்குச் சன்னல் வெளிச்சம் இன்றியமையாதது.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

‘நெசவு கைத்தறித் துறையின் காரியம், பஞ்சாயத்துக்கு அதில் என்ன?’ என்று சில உறுப்பினர்கள் எண்ணலாம். அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் பஞ்சாயத்துகளுக்கு உரியவையாகக் குறித்த 29 பொருள்களுள் காதி, கிராமத் தொழில், குடிசைத் தொழில் ஆகியவை சேர்ந்துள்ளன. தெருவும் வடிகாலும் தண்ணீரும் பஞ்சாயத்தின் பொறுப்பு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நெசவு நிற்பதும் நடப்பதும் பல வேளைகளில் இவற்றையே பொறுத்திருக்கிறது.

பாவடி: பாவு விரிக்க நீண்ட, நேரான, நிழலுள்ள இடம் வேண்டும். வண்டிப் போக்குவரத்து மிகுந்த தெருவில் இன்று பாவு கட்டுதல் அரிதாகிவிட்டது. பொது நிலம் இருக்குமாயின் அதில் பாவடி ஒன்றை ஒதுக்கி, இருமருங்கும் புங்கும் வேம்பும் நடவேண்டும். அதிகாலையில் ஒரு மணி நேரம் வண்டிகள் மாற்றுத் தெருவில் செல்லும்படி ஊரே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்.

வடிகால்: ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியின் குழியில் நீர் ஊறும், பாவும் உலராது. தறி நின்றால் கூலி நிற்கும். நெசவாளர் தெருவின் வடிகாலைப் புரட்டாசி முடிவதற்குள் தூர் வாருதல், அத்தெருவுக்கு நிவாரணப் பணம் வாங்கித் தருவதைக் காட்டிலும் மேலான உதவியாகும்.

தண்ணீரும் சாயக் கழிவும்: தாய்மார் தண்ணீருக்குக் காத்து நிற்கும் ஒவ்வொரு மணியும் தார் சுற்றாத மணி. குழாய் நீர் வரும் நேரத்தை நிலையாக அறிவித்தால் வீட்டு வேலையும் தொழிலும் ஒழுங்குபெறும். சாயப்பட்டறை இருக்குமாயின் அதன் கழிவு ஏரிக்கும் கிணற்றுக்கும் செல்லாதபடி பார்த்தல் உழவர், நெசவாளர் இருவருக்கும் பொதுவான காரியம்.

பொதுத் தார்க்கூடம்: மின்விசையால் தார் சுற்றும் சிறு இயந்திரங்கள் இன்று உள்ளன. தனியே ஒரு குடும்பம் வாங்க இயலாதெனில் மகளிர் சுய உதவிக் குழு வாங்கி, பஞ்சாயத்துக் கட்டிடத்தின் ஓர் அறையில் வைத்து நடத்தலாம். கைத்தறி நெசவாளருக்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படும் என்று 2023இல் அரசு உயர்த்தி அறிவித்தது. தகுதியுள்ள வீடுகள் அதனைப் பெற்றுள்ளனவா என்று உறுப்பினர்கள் தெருத் தெருவாக விசாரிக்கலாம்.

ஊர்ப் பதிவேடு: நான்கு இடங்களிலும் மேலான ஐந்தாவது காரியம் இதுவே. ஊரில் எத்தனை தறி, எத்தனை நெசவாளர் என்று எழுதும்போதே, தார் சுற்றுவோர் எத்தனை பேர், பாவு வேலை செய்வோர் எத்தனை பேர், அவர்களுள் அடையாள அட்டை உள்ளோர் யார், இல்லாதோர் யார் என்றும் எழுதவேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஒரு கூட்டத்திலாவது இப்பதிவேட்டை உரக்கப் படித்து, விடுபட்ட பெயர்களைச் சேர்த்து, சங்கத்துக்கும் கைத்தறி அலுவலகத்துக்கும் தீர்மானமாக அனுப்புக. உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ள இந்நாளில், இப்பணியை முன்னின்று நடத்தப் பெண் உறுப்பினர்களே மிகப் பொருத்தமானவர்கள்.

முடிவாக

தேர் ஓட வேண்டுமாயின் ஊர் கூடி வடம் பிடிக்க வேண்டும். தறியும் அவ்வாறே; ஒருவர் அமர்ந்து நெய்தாலும் ஒரு குடும்பமே அதனை இழுக்கிறது. சந்தையின் போட்டியையோ நூல் விலையையோ ஒரு கிராமப் பஞ்சாயத்து மாற்றிவிட இயலாது. ஆனால் தன் தெருவில் உழைப்பவர் யார் யார் என்று எழுதி வைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. எழுதப்பட்ட உழைப்புக்கே கூலி கேட்க முடியும். எழுதப்பட்ட பெயருக்கே உதவி வந்து சேரும். ‘சும்மாதான் இருக்கிறேன்’ என்று சொல்லும் தாயின் பெயரை முதல் வரியில் எழுதித் தொடங்குவோமாக.

கிராம சபையில் கலந்து பேசுவதற்குச் சில வினாக்கள்

1. நம் ஊரில் ஒரு சேலைக்கோ ஒரு பாவுக்கோ வீட்டார் அனைவரும் உழைக்கும் நேரம் எவ்வளவு?

2. துணை வேலை செய்யும் பெண்களுள் அடையாள அட்டை உள்ளவர் எத்தனை பேர்?

3. சென்ற மழைக்காலத்தில் தறிகள் எத்தனை நாள் நின்றன? எத்தெருவின் வடிகால் அதற்குக் காரணம்?

4. பாவடிக்கும், நார் ஊறவைக்கும் குட்டைக்கும் ஏற்ற பொது இடம் நம் ஊரில் எங்கே உள்ளது?